உலர்ந்த இலை உரைக்கும் வரலாறு

(எமது சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



எம் முன்னோர் கால்நடையாக வந்து உழைத்தது கோப்பித் தோட்டங்களிலே. அக்கோப்பியை அழித்தது இலைத்துரு நோய். பேராதனைப் பூங்காவின் துவெய்ற்ஸ் அனுப்பிய நோயுற்ற இலைகளை ஆராய்ந்து, 1869இல் இங்கிலாந்தில் பேர்க்லி பாதிரியார் அந்நோய்ப் பங்கசுக்குப் பெயரிட்டார். தேயிலை இம்மலைகளை ஆண்டது அதன் பின்னரே.

உலர்த்திக் காத்த இலை வெறுஞ் சருகன்று. செடியின் டி.என்.ஏ.யும், அதைப் பற்றிய நோயின் டி.என்.ஏ.யும் அதனுள் தங்கியிருக்கும். ஆனால் காலம் அவற்றைச் சிதைக்கும். பெரும்பாலும் நூறு எழுத்துக்கும் குறைந்த துணுக்குகளே எஞ்சும். செல்லரித்த ஏடுகள் பலவற்றை ஒப்பிட்டு உ. வே. சாமிநாதையர் பாடங் கண்டது போல, விஞ்ஞானிகள் இத்துணுக்குகளைப் பொருத்தி வாசிக்கின்றனர். புதிய டி.என்.ஏ. கலவாதிருக்கத் தனியான சுத்த அறையிலே வேலை நடக்கும். துணுக்குகளின் நுனியில் எழுத்துக்கள் மாறியிருப்பதே அவற்றின் பழமைக்குச் சான்று.

1845இல் அயர்லாந்திற் பெரும் பஞ்சத்தை மூட்டிய உருளைக்கிழங்கு நோயின் வம்சம் இன்னதென்று 2013இல் தெளிந்ததும் இவ்வாறே. நோயுற்ற இலையை எவரோ எறியாமற் காத்ததன் பயன் அது!

வாலிபர்களே, எங்கள் லயத்தோரச் செடிகளின் பெயரும் குணமும் முதியோர் நாவில் மட்டுமே உள்ளன. அவர்களைக் கேளுங்கள். செடியைத் தாள்களிடையே அழுத்தி விரைவில் உலர்த்துங்கள். இம்மழைநாட்டில் ஈரமே முதற்பகை. ஸ்பிரிட்டில் நனைக்காதீர்கள், அது டி.என்.ஏ.யைக் கெடுக்கும். இடம், திகதி, பெயர் மூன்றையும் எழுதுங்கள். குறிப்பில்லாத இலை, முகவரியில்லாத கடிதம்.

முன்னோர் பலரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அவர்கள் அறிந்த செடிகளின் பெயரேனும் நிலைக்கட்டும்.