பாரிசவாதமும் பொழுதின் அருமையும்



மருத்துவம் என்பது ஒருவரால் மட்டும் நடைபெறுவதன்று. நோயாளி, வைத்தியன், மருந்து, நோயாளியின் அருகிருந்து பணிபுரிபவன் ஆகிய நான்கும் ஒன்றுகூடினாலன்றி அது நிறைவெய்தாது என்று திருவள்ளுவர் வகுத்துரைத்தார். நோயின் அளவையும் நோயாளியின் நிலையையும் ஆராயும் வைத்தியன் காலத்தையும் எண்ணிப் பார்க்கவேண்டும் என்றும் அவர் கூறத் தவறவில்லை. இந்நால்வகையுள் நாம் குறைவாகப் பேசுவது அருகிருப்பவனைப் பற்றியே. ஆயினும், இன்று நான் உங்களோடு பேச எடுத்துக்கொண்ட பாரிசவாதம் என்னும் நோயில் முதல் வைத்தியம் செய்பவர் அந்த நான்காமவரே. அவர் மனைவியாக இருக்கலாம், மகனாக இருக்கலாம், அடுத்த வளவில் வாழும் அயலவராகவும் இருக்கலாம். அவர் முதல் அரைமணி நேரத்தில் செய்வதும் செய்யாது விடுவதுமே பல வேளைகளில் நோயாளியின் பிற்கால வாழ்வைத் தீர்மானிக்கின்றன.

உடம்பின் ஒரு பாதி திடீரெனச் செயலிழந்து போவதைக் கண்ட நம் முன்னோர், அதனை வாதத்தின் சீற்றம் என்று கருதிப் பாரிசவாதம் எனப் பெயரிட்டனர். மேலை நாட்டாரும் நெடுங்காலம் இதன் உண்மைக் காரணத்தை அறிந்தாரில்லை. 1658ஆம் ஆண்டிலே சுவிற்சர்லாந்து தேசத்து வைத்தியராகிய வெப்ஃபர் என்பவர், இந்நோயால் இறந்தோரின் உடல்களை ஆராய்ந்து, கோளாறு மூளையின் இரத்தவோட்டத்திலே இருக்கின்றதென எடுத்துக்காட்டினார். கையும் காலும் சோர்ந்தாலும் நோய் இருப்பது கையிலுமன்று, காலிலுமன்று, தலையினுள்ளே இருக்கின்றது. இவ்வுண்மை மனத்திற் பதிந்துவிட்டால், சோர்ந்த கையில் எண்ணெய் தடவிப் பொழுதைப் போக்குவது எத்துணைப் பயனற்றது என்பது தானே விளங்கும்.

மூளையினுள் நிகழ்வதை வன்னி மக்களுக்கு விளக்குவது எளிது. கிளிநொச்சி நகருக்குத் தென்மேற்கே அக்கராயன் குளம் இருக்கின்றது. அதன் நீரை நம்பி வாழும் கமக்காரர் அறியாத நீரியல் இல்லை. வாய்க்காலில் ஓரிடத்தில் மரக்கட்டையும் சேறும் அடைத்துக்கொண்டால், அடைப்பிற்கு அண்மையில் உள்ள பயிர் முதலிற் கருகும். சற்று அப்பால் உள்ள பயிரோ, பக்கத்து வாய்க்காலிலிருந்து கசியும் நீரினால் வாடியும் வாடாமலும் சில நேரம் உயிர்பிடித்து நிற்கும். உரிய வேளையில் அடைப்பை நீக்கினால் அது மீண்டும் தலைநிமிரும். காலம் தாழ்த்தினால் அதுவும் கருகிப்போகும். பாரிசவாதத்தில் பெரும்பகுதி, உலகளவில் நூற்றுக்கு ஏறக்குறைய 65 பங்கு, இவ்வகையான அடைப்பினால் வருவதே. எஞ்சியவை இரத்தக்குழாய் வெடித்துக் குருதி பெருகுவதனால் வருபவை; அவை குளக்கட்டு உடைந்து வயலை வெள்ளம் மூடுவதை ஒத்தவை.

பெரிய குழாயொன்று அடைபட்ட மூளையில், நிமிடமொன்றுக்குச் சராசரியாக 19 இலட்சம் நரம்புக் கலங்கள் மடிகின்றன என்று 2006ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர் ஒருவர் கணக்கிட்டுக் கூறினார். நாம் ஒரு கோப்பை தேநீர் அருந்தும் நேரத்தில் ஒரு மனிதனின் பேச்சோ நடையோ நிலையாகப் பறிபோகக்கூடும்.

அடைப்பும் வெடிப்பும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். எத்துணைக் கைதேர்ந்த வைத்தியராயினும் நாடி பிடித்தோ கண்ணாற் பார்த்தோ இவ்விரண்டையும் உறுதியாகப் பிரித்தறிய இயலாது. அடைப்புக்கு ஏற்ற மருந்து வெடிப்புக்கு நஞ்சாகும். இந்த இடர்ப்பாட்டைத் தீர்த்தது சி. ரி. ஸ்கான் என்னும் கருவி. இசைத்தட்டு வெளியிட்டுப் புகழ்பெற்ற இ. எம். ஐ. நிறுவனத்தில் பணிபுரிந்த ஹவுன்ஸ்ஃபீல்ட் என்ற பொறியியலாளர் அதனை உருவாக்கினார். 1971ஆம் ஆண்டில் இலண்டன் வைத்தியசாலையொன்றில் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளை அக்கருவியாற் படம்பிடிக்கப்பட்டது. 1979இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. பின்னர், 1995ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, அடைப்பினால் வந்த பாரிசவாதத்திற்கு, நோய் தொடங்கி மூன்று மணி நேரத்துக்குள் இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை ஊசிமூலம் ஏற்றினால் உடல் ஊனமின்றித் தேறுவோர் தொகை கூடுகின்றது எனக் காட்டிற்று. 2008இல் வெளியான வேறோர் ஆய்வு அவ்வெல்லையை நாலரை மணி நேரமாக நீட்டியது. இம்மருந்து எல்லோருக்கும் பொருந்துவதன்று. சிலருக்கு மூளையினுள்ளே இரத்தப்போக்கையும் உண்டாக்கலாம். ஆகவேதான், ஸ்கான் செய்து, இரத்த அழுத்தமும் சீனியும் பார்த்து, தக்கவரைத் தேர்ந்தே அதனைக் கொடுப்பர்.

இனி, அக்கராயனில் வாழும் ஒரு கமக்காரரை மனத்தில் எண்ணிக்கொள்வோம். அதிகாலை 5 மணிக்கு எழுந்து வயலுக்குப் புறப்படுகின்றார். 5.15க்கு மண்வெட்டி கைநழுவி விழுகின்றது. வாய் ஒருபுறம் கோணுகின்றது. அந்நொடியே கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது, காலை 9.45உடன் அந்த நாலரை மணி நேரம் முடிவெய்தும். வீட்டார் எண்ணெய் தடவுகின்றனர், 6 மணியாகின்றது. களைப்பாயிருக்கும் என்று படுக்கவைக்கின்றனர், 7 மணி. பட்டணத்திலிருக்கும் மகனைத் தொலைபேசியில் அழைத்து யோசனை கேட்டு, வாகனம் தேடிப் புறப்படுகையில் 8 மணி. அக்கராயனில் இருப்பது பிரதேச வைத்தியசாலை. அத்தகைய வைத்தியசாலைகளில் ஸ்கான் வசதி இல்லை. ஸ்கானும் நரம்பியல் வைத்திய நிபுணரும் உள்ள யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையோ, கிளிநொச்சியிலிருந்து ஆனையிறவு தாண்டி 60 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தொலைவில் இருக்கின்றது. பாதையில் ஒரு மணி நேரத்துக்கு மேல், வைத்தியசாலையிற் சோதனைகளுக்கு மேலும் சிறிது நேரம் என்று கூட்டிப் பாருங்கள். மருந்து இருக்கின்றது, வைத்தியர் இருக்கின்றார், பாதை இருக்கின்றது. பொழுது மட்டும் இல்லாமற் போய்விட்டது. அதனைத் தொலைத்தவர் எவரும் தீயவரல்லர்; அன்பு மிக்கவரே. ஆனால் அவர் என்ன செய்யவேண்டும் என்பதை முன்கூட்டியே எவரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

ஆகவே அதனைச் சொல்லுவோம். மூன்று அடையாளங்களைச் சிறுவரும் நினைவிற் கொள்ளலாம். சிரிக்கச் சொன்னால் முகம் ஒருபுறம் கோணுதல். இரு கைகளையும் நீட்டச் சொன்னால் ஒரு கை கீழே சரிதல். ஒரு வசனத்தைச் சொல்லச் சொன்னால் நாக்குழறுதல். இவற்றுள் ஒன்று திடீரெனத் தோன்றினாலும் போதும். அது பாரிசவாதம் என்றே கொண்டு செயற்படவேண்டும். திடீரென்று கண்பார்வை மங்குதல், நிலைதடுமாறி விழுதல், முன்னொருபோதும் இல்லாத கடுந்தலையிடி என்பனவும் இதன் குறிகளாகலாம்.

அடுத்து, 1990 என்ற இலக்கத்தை உடனே அழைக்கவேண்டும். இந்த இலவச அம்புலன்ஸ் சேவை 2016ஆம் ஆண்டில் இந்திய நன்கொடையுடன் மேல், தென் மாகாணங்களில் ஆரம்பமாகி, 2018இல் வட மாகாணத்துக்கும் வந்து சேர்ந்தது. தமிழிலேயே பேசலாம். கிராமத்தின் பெயரோடு, அருகிலுள்ள கோயிலையோ பாடசாலையையோ அடையாளமாகக் கூறுங்கள். அம்புலன்ஸ் வரத் தாமதமாகுமாயின், கிடைக்கும் வாகனத்தில் அக்கராயன் வைத்தியசாலைக்கு விரைவதும் தக்கதே. வாசலிலேயே, "பாரிசவாதம் என்று ஐயுறுகின்றோம், இத்தனை மணிக்குத் தொடங்கிற்று" என்று சொல்லுங்கள். அங்கிருந்து எங்கே அனுப்புவது என்பதை வைத்தியர் தீர்மானிப்பார். "விடியட்டும் பார்க்கலாம்" என்ற சொல்லை மட்டும் அன்று ஒருவரும் சொல்லலாகாது.

மணியைக் குறித்தல் சிறிய செயலாகத் தோன்றலாம். ஆனால் வைத்தியர் கேட்கும் முதற் கேள்வி அதுவே. உறக்கத்தில் நோய் வந்திருப்பின், எழுந்த நேரத்தையன்று, அவரைக் கடைசியாக நலமாகக் கண்ட நேரத்தைக் கூறுங்கள். அவர் உட்கொள்ளும் குளிசைகளையும் கிளினிக் கொப்பியையும் மறவாது எடுத்துச் செல்லுங்கள். வாயில் நீரோ உணவோ மருந்தோ ஊட்டவேண்டாம். விழுங்கும் ஆற்றல் கெட்டிருந்தால் அது சுவாசப்பையினுட் சென்று பெருங்கேடு விளைக்கும். அஸ்பிரின் குளிசையும் வேண்டாம்; உள்ளே நேர்ந்தது அடைப்போ வெடிப்போ என்பது நமக்குத் தெரியாதல்லவா?

சில வேளைகளில் கை சோர்ந்து, பத்து நிமிடத்திலோ அரை மணியிலோ தானாகவே சுகமாகிவிடும். "கடவுள் காப்பாற்றினார்" என்று வீட்டிலிருந்துவிடுவோர் பலர். அது தப்பிய நோயன்று, முன்னறிவிப்பு. அதனையடுத்துவரும் ஓரிரு நாட்களிலேயே பெரிய பாரிசவாதம் வரும் ஆபத்து மிகுதி. அவரும் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.

நாலரை மணி கடந்துவிட்டால் எல்லாம் முடிந்ததென்று எண்ணலாமோ? எண்ணலாகாது. 2015ஆம் ஆண்டு முதலாக, பெரிய குழாயில் அடைத்த கட்டியை மெல்லிய குழாய் செலுத்தி வெளியே எடுக்கும் முறையும் நிலைபெற்றுவிட்டது. இன்னும் அது மிகச் சில இடங்களிலேயே செய்யப்படுகின்றது. ஆனால், அதுவுமின்றி, பாரிசவாத நோயாளருக்கென அமைந்த விடுதியில், அதிற் பயின்ற வைத்தியரும் தாதியரும் இயன்மருத்துவரும் ஒன்றுகூடிப் பராமரித்தாலே மரணமும் ஊனமும் குறைகின்றன என்பது ஐயமற நிறுவப்பட்ட உண்மை. விழுங்கும் ஆற்றலைச் சோதித்த பின்பே உணவு கொடுத்தல், புரட்டிப் படுக்கவைத்துப் படுக்கைப்புண் வராது காத்தல், காய்ச்சலையும் சீனியையும் கட்டுப்படுத்தல் முதலிய எளிய பணிகளே அங்கே உயிர் காக்கின்றன. பிந்தி வந்தவருக்கும் இப்பயன் உண்டு.

வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பும் நாளில் அருகிருப்பவரின் இரண்டாவது பணி தொடங்குகின்றது. மடிந்த நரம்புக் கலங்கள் மீள்வதில்லை. ஆயினும் எஞ்சியவை புதிய வழிகளைப் பழகிக்கொள்ளும் ஆற்றல் உடையன. முதல் மூன்று மாதங்களில் இத்தேற்றம் விரைவாக நிகழும். அதன் பின்னரும் மெல்ல மெல்லத் தொடரும். பழக்கம் இன்றேல் தேற்றமும் இல்லை. இயன்மருத்துவர் காட்டிய பயிற்சிகளை நாள்தோறும் செய்விக்கவேண்டும். தூக்கி நிறுத்தும்போது சோர்ந்த கையைப் பிடித்து இழுக்கலாகாது. தோள்மூட்டு கெட்டுத் தீராத நோவு உண்டாகும். தாமாகச் சட்டை போட முயல்கின்றவருக்குக் கால்மணி நேரம் சென்றாலும் பொறுத்திருங்கள். விரைந்து உதவுவது சில வேளைகளில் உதவியன்று.

பேச்சிழந்தவரின் துயர் தனித்துயர். சொல் வராதவர் அனைவரும் அறிவிழந்தவரல்லர். பலருக்கு நாம் பேசுவதெல்லாம் விளங்கும். அவர் முன்னிலையில், அவர் அங்கே இல்லாதவர்போல அவரைப் பற்றிப் பேசுதல் கொடுமையாகும். சிறு சிறு வசனங்களாகப் பேசி, விடைக்குக் காத்திருங்கள். மனச்சோர்வு இந்நோயின் நெருங்கிய துணை. அதற்கும் மருத்துவம் உண்டு.

வன்னியில் இப்பணி எளிதன்று. போரினாற் குடும்பத் தலைவரை இழந்து, ஒரு பெண்ணின் உழைப்பினால் மட்டும் நடைபெறும் வீடுகள் இங்கே பல. அவளே உழைத்து, அவளே பராமரித்து, அவளே நோயாளியைப் பேருந்தேற்றிக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்வதென்றால் எத்தனை நாளைக்கு இயலும்? 2024ஆம் ஆண்டில் மாங்குளம் வைத்தியசாலையில் மறுவாழ்வுச் சிகிச்சைக்கான நிலையம் திறந்துவைக்கப்பட்டமை வன்னிக்கு ஒரு நற்பேறு. எனினும், அந்நிலையத்துக்கும் வீட்டுத் திண்ணைக்கும் இடையே உள்ள தொலைவை அயலவரே நிரப்பவேண்டும். கிழமைக்கு ஒரு நாள் நோயாளியின் அருகே இரண்டு மணி நேரம் இருந்து, அவளைச் சற்று ஓய்வுகொள்ளச் செய்யும் அயலவரும் வள்ளுவர் கூறிய அந்த நான்காமவரே. கிளிநொச்சி இடம்பெயர்ந்த 1996ஆம் ஆண்டிலே, அந்நகரின் வைத்தியசாலைக்கே இடமளித்த ஊர் அக்கராயன். அந்த ஊருக்கு இவ்வுதவி அரியதன்று.

இறுதியாக ஒன்று. பாரிசவாதத்தின் தலையாய காரணம் உயர் இரத்த அழுத்தம். இலங்கையில் வளர்ந்தோருள் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு அது உண்டு. அவருட் பலர் அதனை அறியார், ஏனெனில் அதற்கு நோவு இல்லை. இரத்த அழுத்தத்தை அளப்பதற்கு அரசாங்க வைத்தியசாலையிற் பணம் அறவிடுவதில்லை, குளிசைக்கும் அவ்வாறே. சுகமாயிருக்கின்றதென்று குளிசையை நிறுத்துவது, குளம் உடையவில்லையே என்று கட்டை வெட்டுவதற்கு ஒப்பாகும். உப்பைக் குறையுங்கள், புகையிலையையும் மதுவையும் விலக்குங்கள். முப்பத்தைந்து வயதைக் கடந்தவர் இக்கிழமையே ஒருமுறை அழுத்தத்தை அளந்துகொள்ளுங்கள்.

இன்றிரவே வீட்டுச் சுவரில் 1990 என்ற இலக்கத்தைப் பெரிதாக எழுதி, அதன் கீழே முகம், கை, பேச்சு, மணி என்ற நான்கு சொற்களையும் எழுதிவையுங்கள். எழுத்தறிந்த பிள்ளை ஒன்று வீட்டிலிருந்தாற் போதும், அது வாசித்துச் சொல்லும்.