வெந்நி மாதிரி இருக்குதுடா: கிளியனூர் டீக்கடையில் ஒரு வெள்ளைத் தேயிலை

இன்னைக்கு டீ பற்றிப் பேசலாம். ஆனா இப்போ உங்க கையில் இருக்கிற டீ இல்ல. ஒயிட் டீ. வெள்ளைத் தேயிலை.

அதுக்கு முன்னாடி ஒரு சின்னக் கதை. நான் கிளியனூர்க்காரன். திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போற ரோட்டில் வர்ற ஊர். பாண்டிச்சேரிக்கு பஸ்ஸில் போனவங்க ஜன்னல் வழியா பார்த்திருப்பீங்க, கவனிச்சிருக்க மாட்டீங்க. அந்த ரோட்டோரம் அப்பா 28 வருஷமா டீக்கடை நடத்துறார். விடியற்காலை நாலரைக்கு பாய்லர் பத்த வைப்பார். டிகாஷன் சரியா இறங்கியிருக்கான்னு பார்க்க ஒரு டீ, பால்காரரோட ஒரு டீ, லாரிக்காரர் யாராவது தெரிஞ்சவர் வந்தா அவரோட ஒரு டீன்னு ஒரு நாளைக்கு எட்டு டீ குடிக்கிற மனுஷன்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அவருக்கு சர்க்கரை இருக்குன்னு தெரிஞ்சது. மாத்திரை கொடுத்தாங்க. டீயில் சர்க்கரையை நிறுத்தச் சொன்னாங்க. ஒரு டீக்கு ரெண்டு ஸ்பூன், ஒரு ஸ்பூன் 5 கிராம்னு வச்சா, எட்டு டீயில் மட்டும் 80 கிராம் சர்க்கரை போகுது. ஆனா அவருக்கு சர்க்கரை இல்லாத பால் டீ இறங்கவே இல்ல. "மாவு கரைச்ச தண்ணி மாதிரி இருக்குது"ன்னார்.

நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். ஒரு கடையில் நீலகிரி சில்வர் டிப்ஸ்னு ஒரு டப்பா பார்த்தேன். 50 கிராம் 900 ரூபாய். பாலும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம். டப்பாவின் பின்பக்கம் எடை குறையும், சர்க்கரை கட்டுப்படும்னு அச்சடிச்சிருந்தது. வாங்கிட்டு ஊருக்குப் போனேன். அப்பாகிட்ட பெருமையா ஒரு வார்த்தை சொன்னேன்: "இது மருந்து மாதிரிப்பா."

அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. ஏன்னு பிறகு சொல்றேன்.

அன்னைக்கு நான் டீ போட்ட விதம் இதுதான்: ஒரு ஸ்பூன் தேயிலை, பாய்லரில் கொதிச்ச தண்ணி, ஒரு நிமிஷம். கிளாஸில் மங்கலா ஒரு நிறம். மேலே எண்ணெய்ப் படலம் மாதிரி மெல்லிசா ஒரு ஏடு. அப்பா ஒரு வாய் குடிச்சிட்டு என் முகத்தைப் பார்த்தார். "வெந்நி மாதிரி இருக்குதுடா." கடையில் இருந்தவங்க சிரிச்சாங்க. டீ மாஸ்டருக்கு நாக்கு மரத்துப்போச்சுன்னு நான் மனசுக்குள்ள நினைச்சுக்கிட்டேன்.

மூணு மாசம் கழிச்சு ஊருக்குப் போனப்போ அம்மா தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாங்க. அப்பா அந்த வெந்நியை தினமும் காலையில் மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குடிக்கிறாராம். மகன் மருந்துன்னு சொல்லியிருக்கானே! அதனால ராத்திரி மாத்திரையை நிறுத்திட்டார். பரிசோதனையில் சர்க்கரை ஏறியிருந்தது. டாக்டரம்மா அவரைத் திட்டல. என்னைப் பார்த்துக் கேட்டாங்க: "நீங்க படிச்சவர்தானே தம்பி?"

அன்னைக்கு ராத்திரிதான் இந்தத் தேயிலை பற்றி ஒழுங்காப் படிக்க உட்கார்ந்தேன். படிச்சதை உங்களுக்குச் சொல்றேன்.

வெள்ளைத் தேயிலைன்னு தனிச் செடி கிடையாது. பச்சைத் தேயிலை, கறுப்புத் தேயிலை, நம்ம கடை டஸ்ட் எல்லாமே ஒரே செடி இனம்தான். பறிச்ச பிறகு என்ன செய்றோம் என்பதில்தான் வித்தியாசம். பறிச்ச இலையை உடனே சூடு காட்டினா அது பச்சையாவே நிற்கும். கசக்கி உருட்டினா சாறு வெளியே வந்து காற்றோடு சேர்ந்து கறுக்கும். நம்ம டீக்கடைக்கு வர்ற சி.டி.சி. டீயை மெஷின் நசுக்கி, கிழித்து, சுருட்டிக் குறுணையாக்குது. அதனாலதான் ரெண்டு நிமிஷத்தில் அத்தனை சாரமும் இறங்கி, பால் ஊற்றினாலும் தாக்குப்பிடிக்குது.

வெள்ளைத் தேயிலையில் இது எதுவுமே கிடையாது. விரியாத மொட்டைப் பறிப்பாங்க. தட்டில் பரப்பி ரெண்டு மூணு நாள் வாட விடுவாங்க. பிறகு மெல்லிய சூட்டில் உலர்த்துவாங்க. அவ்வளவுதான். மொட்டின் மேல் இருக்கிற வெள்ளை ரோமம் அப்படியே நிற்கும். பெயர் அதிலிருந்து வந்ததுதான். கேட்க சுலபமா இருக்கு. ஆனா ஈரக்காற்று அடிச்சா மொட்டு கறுத்துடும், சூடு கூடினா வாசனை போயிடும். தப்பை மறைக்க இதில் வேறு எந்த வேலையும் கிடையாது.

இதோட சொந்த ஊர் சீனாவின் ஃபூஜியன் மாகாணம். ஃபூடிங், ஜெங்ஹே என்கிற ரெண்டு இடம்தான் பேர்போனது. வசந்த காலத்து முதல் மொட்டு மட்டும் என்றால் பாய்ஹாவ் யின்ஜென், அதாவது வெள்ளி ஊசி. மொட்டோடு ஒன்றிரண்டு இளந்தளிர் சேர்ந்தால் பாய் முதான். அதுக்குக் கீழே கோங் மெய், ஷோ மெய் என்று இலை கூடக் கூட விலை குறையும். நல்ல வெள்ளி ஊசியை எப்படிக் கண்டுபிடிக்கிறது? மொட்டு குண்டா, முழுசா, ரோமம் உதிராமல் இருக்கணும். அடியில் தூள் இருக்கக் கூடாது. மோந்து பார்த்தா காய்ந்த வைக்கோல், லேசா தேன் வாசனை. காரமோ புகையோ அடிக்கக் கூடாது.

சரி, சீனத்துச் செடிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? எங்க கடைக்கு முன்னாடி போற ரோடு முடியுற ஊருக்கே ஒரு பங்கு இருக்கு. 1830-களில் சீன விதையிலிருந்து வளர்த்த தேயிலைக் கன்றுகளை நீலகிரியில் கேத்தி என்ற இடத்துப் பண்ணைக்கு அனுப்பினாங்க. பண்ணை மூடிட்டாங்க. செடிகளைக் கவனிக்க ஆள் இல்ல. அப்போ அந்த இடத்தில் தங்க வந்தவர் புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர். பெரோத்தே என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர்தான் அங்கே நலிஞ்சு கிடந்த செடிகளைப் பார்த்து, மண்ணைச் சரிசெய்து, காப்பாற்றினார். சில வருஷத்தில் அவை நாலடி உயரம் வளர்ந்தன. நீலகிரியில் தேயிலை வரும் என்று நம்பிக்கை கொடுத்த செடிகளில் அவையும் உண்டு. இன்னைக்கு நீலகிரியில் பெரும்பகுதி சி.டி.சி.தான். ஆனா உயரமான தோட்டங்கள் சில, கையால் பறித்த மொட்டில் வெள்ளைத் தேயிலையும் செய்றாங்க. நான் வாங்கினது அப்படி ஒண்ணு.

ஒரு நாள் பொறுமையா 3 கிராம் எடை போட்டு மொட்டுகளை எண்ணினேன். 74 இருந்தது. அப்படின்னா ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 25,000 மொட்டு. அத்தனையும் ஒரு அம்மாவோ அக்காவோ மலைச் சரிவில் நின்னு ஒவ்வொண்ணா கிள்ளினது. 900 ரூபாய் அதிகம்னு புலம்பிட்டு இருந்த நான் அதோட நிறுத்திட்டேன்.

இப்போ அந்த டப்பா சொன்ன மருந்துக் கதை. வெள்ளைத் தேயிலை பற்றிப் பெரிசா சொல்ற ஆய்வுகளில் பெரும்பாலானவை ஆய்வுக்கூடக் குழாயிலும் எலிகளிலும் நடந்தவை. சர்க்கரை மாத்திரைக்கு இது மாற்று கிடையாது. இதில் கஃபீனே இல்லை, குறைவு என்பதும் சரியில்ல. இளம் மொட்டில்தான் கஃபீன் அதிகம். பூச்சிகிட்டேயிருந்து தப்பிக்க செடி அங்கேதான் அதைச் சேர்த்து வைக்குது. அதனால தூக்கம் வராதவங்க ராத்திரி குடிக்காதீங்க. இன்னொண்ணு, எந்த டீயா இருந்தாலும் சாப்பாட்டோட குடிச்சா கீரை, பருப்பில் இருக்கிற இரும்புச்சத்து உடம்பில் சேர்றது குறையும். ரத்தசோகை இருக்கிறவங்க ஒரு மணி நேரம் தள்ளிக் குடிங்க.

அப்போ இதை ஏன் குடிக்கணும்? ருசிக்குத்தான். சர்க்கரை இல்லாமலே மெல்லிசா ஒரு இனிப்பு இருக்கு. அப்பாவுக்கு வேண்டியதும் அதுதான். நான் அதை ஒழுங்கா போட்டுக் கொடுக்கவே இல்ல.

மூணு தப்பு பண்ணியிருந்தேன்.

முதல் தப்பு, அளவு. மொட்டு பஞ்சு மாதிரி. ஒரு ஸ்பூனில் ஒரு கிராம்கூடத் தேறாது. 150 மில்லி தண்ணிக்கு 3 கிராம் வேணும். சின்ன எடை மெஷின் இல்லேன்னா, குவிச்சு மூணு ஸ்பூன் போடுங்க.

ரெண்டாவது, நேரம். மொட்டு நசுங்காததால சாரம் மெதுவாத்தான் இறங்கும். ஒரு நிமிஷம் போதாது. நாலு அஞ்சு நிமிஷம் மூடி வைக்கணும். வடிச்சிட்டு அதே மொட்டில் திரும்பவும் தண்ணி ஊற்றலாம். ரெண்டாவது கிளாஸ்தான் பல பேருக்குப் பிடிக்கும். மூணாவதும் வரும்.

மூணாவது, தண்ணி. இதுதான் பெரிய தப்பு. எங்க கடை போர் தண்ணி உப்பு. டி.டி.எஸ். மீட்டர் வச்சுப் பார்த்தா ஆயிரத்தை ஒட்டிக் காட்டுச்சு. தண்ணியில் சுண்ணாம்புச் சத்து கூடினா டீயோட சேர்ந்து அந்த ஏடு படியும், ருசி செத்துடும். பால் டீயில் இது தெரியாது. வெள்ளைத் தேயிலையில் ஒளிக்க இடமே இல்ல. எட்டாம் நூற்றாண்டில் லூ யூ என்ற சீனர் தேயிலைக்கென்றே எழுதின சா ஜிங் நூலில் தண்ணியை வரிசைப்படுத்தியிருக்கார். மலைத் தண்ணி முதல், ஆற்றுத் தண்ணி ரெண்டாவது, கிணற்றுத் தண்ணி கடைசி. எங்க போரைப் பார்த்தா அந்த வரிசைக்குக் கீழே இன்னொரு வரிசை போட்டிருப்பார். கேன் தண்ணி போதும். மழைத் தண்ணி பிடிச்சு வச்சிருந்தா அதுவும் நல்லது.

அப்புறம் சூடு. 85 டிகிரி பக்கம் இருந்தா நல்லாருக்கும்னு படிச்சு ஒரு தெர்மாமீட்டர் வாங்கிட்டுப் போனேன். கொதிக்க வச்ச கேன் தண்ணியில் அதை விட்டுட்டு ஆறட்டும்னு காத்திருந்தேன். அப்பா கொஞ்ச நேரம் பார்த்தார். "தள்ளுடா"ன்னு சொல்லி சொம்பை வாங்கினார். ஒரு கை மேலே, ஒரு கை கீழே. ரெண்டு ஆத்து ஆத்தினார். "இப்ப பாரு." தெர்மாமீட்டர் 84 காட்டுச்சு.

28 வருஷமா அந்தக் கைக்கு அது தெரியும். நாக்கு மரத்துப்போச்சுன்னு நினைச்சேனே, அவர் முதல் நாளே சரியாத்தான் சொல்லியிருக்கார். நான் கொடுத்தது வெந்நிதான்.

அஞ்சு நிமிஷம் கழிச்சு வடிச்சோம். லேசான வைக்கோல் நிறம். ஏடு இல்ல. அப்பா ஒரு வாய் வச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் அடுத்த வாய். "நொங்குத் தண்ணி மாதிரி கடைசியில ஒரு இனிப்பு வருது"ன்னார். பிறகு அவரே கேட்டார்: "மாத்திரைக்குப் பதிலா இல்லதானே?" இல்லப்பா, மாத்திரை மாத்திரைதான், இது டீ தான்னு சொன்னேன். "அப்ப சரி. டீன்னா குடிக்கலாம்."

இப்போ காலையில் ஒண்ணு, சாயந்திரம் நாலு மணிக்கு அதே மொட்டில் ஒண்ணு. மத்த டீயெல்லாம் நின்னுபோச்சுன்னு சொல்ல மாட்டேன். எட்டு மூணாகியிருக்கு. ராத்திரி மாத்திரை திரும்ப ஆரம்பிச்சாச்சு. அம்மா எண்ணிப் பார்க்கிறாங்க.

ஒரு விஷயம் மட்டும் கடைசியா. டப்பாவை ஏலக்காய், சாம்பிராணி பக்கத்தில் வைக்காதீங்க. வாசனையை உறிஞ்சிடும். எங்க கடையில் அப்படித்தான் பாதி டப்பா ஏலக்காய் டீ ஆச்சு. காற்றுப் புகாமல், வெயில் படாமல் வச்சா வருஷக்கணக்கில் தாங்கும்.

அப்புறம், வீட்டில் இருக்கிற பெரியவங்களுக்கு ஏதாவது வாங்கிட்டுப் போறப்போ "மருந்து மாதிரி"ன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு தரம் யோசிங்க. நாம சும்மா சொல்றதை அவங்க நம்பிடுவாங்க.

பாண்டிச்சேரி போறப்போ கிளியனூரில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு டீ குடிங்க. டஸ்ட் டீ தான். அதுவும் நல்லாருக்கும். அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.