பலகைக் கதவு

பினாங்கு ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீடுகளின் மரவேலையைப் பழுது பார்ப்பது என் தொழில். கடை முகப்பைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நிலை, காற்றுக் கம்பி, பெயர்ப்பலகை என்று முகப்பில் எவ்வளவோ உண்டு. எனக்கு உயிர் பலகைக் கதவுதான். அதிலேயே தொடங்குகிறேன்.

மார்க்கெட் ஸ்திரீட் பக்கம் பழைய மளிகைக்கடை, மசாலாக்கடை பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். காலையில் கடைப்பையன் ஆளுயரப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுவரோரம் சாத்துவான். ஆணி கிடையாது, கீல் கிடையாது. வாசற்படியில் ஒரு காடி, மேல்சட்டத்தில் ஒரு காடி. மேல்காடிக்கு ஆழம் அதிகம். பலகையின் தலையை அதில் செருகித் தூக்கி, காலைக் கீழ்க்காடியில் இறக்கினால் உட்கார்ந்துவிடும். எல்லாம் நின்றதும் உள்ளேயிருந்து குறுக்குக்கட்டை போட்டுவிட்டால், வெளியிலிருந்து ஒன்றையும் அசைக்க முடியாது. கடைக்காரர் எப்படி வெளியே போவார் என்கிறீர்களா? எங்கே போகவேண்டும், குடும்பம் மாடியில்தானே!

கையால் இழைத்த பலகை ஒன்றுபோல் ஒன்று இராது. அதனால் வரிசை எண் போட்டிருப்பார்கள். சீனர் கடையில் சீன எழுத்து. நம்மவர் கடைகளில் உளியால் வெட்டிய கோடுகளை நானே பார்த்திருக்கிறேன்.

ஒரு மசாலாக்கடையில் வேலை வந்தது. பலகைகளின் அடி இற்றுப்போயிருந்தது. எல்லாவற்றையும் எறிந்துவிட்டு ஒரே அளவில் புதிதாகச் செய்யுங்கள் என்றார் முதலாளியின் மகன். அங்கே நெடுநாளாக வேலை செய்த பெரியவர் ஒருவர், பேசாமல் ஒரு பலகையை எடுத்து விளிம்பைத் தடவினார். "தம்பி, இது ஏழாவது" என்றார். எண்ணைத் துடைத்துப் பார்த்தேன், ஏழுதான். தினமும் பிடித்துத் தூக்கிய இடம் வழவழவென்று குழிந்திருந்தது. அந்தக் குழியை எந்த மரக்கடையில் வாங்குவது? இற்ற அடியை மட்டும் வெட்டினோம். தண்ணீர் வெளிப்பக்கம் வடியும்படி சாய்வாக அறுத்து, செங்கால் மரத்தில் ஒட்டுப் போட்டோம். மகனுக்கும் செலவு மிச்சம்.

செங்கால் கனத்த மரம். கரையான் லேசில் தொடாது. அப்பேர்ப்பட்ட மரத்தில் செய்த நிலையும் ஏன் இற்றுப்போகிறது? நான் பிரித்த நிலைகளில் பாதிக்கு மேல் ஒரே காரணம். கடை முன்னாலுள்ள நடைபாதையான அஞ்சடியின் தரையை உயர்த்திச் சிமெண்டும் ஓடும் பதித்திருப்பார்கள். நிலையின் கால் அதற்குள் புதைந்துபோகும். மரத்தின் வெட்டுமுனை தண்ணீரை உறிஞ்சும், காய வழியிருக்காது. மேலே பளபளவென்று சாயம் பூசியிருப்பதால் வெளியே ஒன்றும் தெரியாது.

சாயம் என்றதும் ஒன்று. மரம் தெரியட்டும், வார்னிஷ் அடியுங்கள் என்கிறார்கள் இப்போது. சுரண்டிப் பார்த்தால் அடியில் பச்சை, நீலம் என்று அடுக்கடுக்காக வருகிறது. பூசி வைத்த கதவை ஏன் உரித்து நிறுத்தவேண்டும்? பழைய சாயத்தில் ஈயம் இருக்கலாம், நெருப்பு வைத்து உரிக்காதீர்கள். சுரண்டித்தான் ஆகவேண்டுமென்றால் நனைத்துச் சுரண்டுங்கள், முகமூடி போட்டுக்கொண்டு.

சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1966 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000க்குள் விலகியது. வாடகை ஏறியதால் பழைய குடித்தனக்காரர்கள் பலர் வெளியேறினார்கள். பல பலகைகள் போய் இரும்பு உருளைக்கதவு வந்தது. 2008இல் மலாக்காவோடு ஜார்ஜ்டவுனும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இப்போது அந்தப் பகுதியில் முகப்பை மாற்ற மாநகர் மன்றத்தின் அனுமதி வேண்டும். நல்லதுதான். ஆனால் சில காப்பிக் கடைகளில் பலகையைச் சுவரில் அலங்காரமாக மாட்டிவிட்டு, வாசலில் கண்ணாடி போடுகிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

நேரம் முடிந்தது என்று கை காட்டுகிறார்கள். பெயர்ப்பலகையை இன்னொரு நாள் பார்ப்போம். உங்கள் கடை மூலையில் பழைய பலகைகள் கிடந்தால் மேசை செய்ய விற்றுவிடாதீர்கள். வரிசையாக அடுக்கி எண்ணுங்கள். ஒன்றிரண்டு குறைந்தால் செய்துகொள்ளலாம். நிலையின் அடியில் ஒரு ஸ்குரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால், மழைக்கு முன்னே ஆசாரியைக் கூப்பிடுவீர்கள் என்று நம்புகிறேன்.