உமரியை விதைப்போம்! நிலத்தைக் கைவிட மாட்டோம்!

(வேதாரண்யம் பகுதிக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் பேசியது)



2004 டிசம்பர் 26ல் சுனாமி. 2018 நவம்பர் 16ல் கஜா புயல். இரண்டு தடவையும் கடல் தண்ணி நம்ம வயலுக்குள் வந்தது. அது ஒரு நாள் வந்த உப்பு. பக்கத்து இறால் குளத்திலிருந்து கசிகிற உப்போ வருஷம் பூரா வருகிறது. வரப்பெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கிறது. "இனிமே நெல்லு விளையாது, குளம் வெட்டக் குத்தகைக்குக் கொடுங்க" என்று தரகர் வாசலில் வந்து நிற்கிறார். ஒருத்தர் கொடுத்தால் அடுத்தவர் வயலும் உப்பாகும். கொடுக்காதீர்கள்!

சரி, உவர் நிலத்தை என்ன செய்வது? உப்பளக் கரையில் செக்கச் சிவந்து கிடக்குமே உமரி, நாம் கீரையாகத் தின்றது, அதுதான் வழி. அது உப்பை உறிஞ்சி இலையில் சேர்த்து வைக்கும். தமிழகக் கடலோரத்தில் செய்து 2007ல் வெளியான ஆய்வில், நாலு மாசத்தில் ஹெக்டேருக்கு 504 கிலோ உப்பை உமரி எடுத்தது. ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் 200 கிலோ. நாலு மூட்டை உப்பு!

ஒன்றை மறக்கக் கூடாது. வளர்ந்த செடியை அறுத்து வயலுக்கு வெளியே கொண்டு போகணும். அங்கேயே மடக்கி உழுதால் எடுத்த உப்பு மறுபடி மண்ணுக்கே போகும். ஆடு மாட்டுக்குக் கொடுத்தால் வைக்கோலோடு கலந்து கொஞ்சமாகக் கொடுங்கள்.

உமரி மட்டும் போதாது. வரப்பை உயர்த்தி மழைத் தண்ணியைத் தேக்கி, உப்பைக் கரைத்து வடிக்கணும். களருக்குத்தான் ஜிப்சம், வெறும் உவருக்கு ஜிப்சம் போட்டால் காசுதான் நஷ்டம். மண்ணைப் பரிசோதித்துப் பார்த்துச் செய்யுங்கள். உப்பு குறைந்ததும் குழியடிச்சான், களர்ப்பாலை மாதிரி உப்பு தாங்கும் நெல்லில் தொடங்கலாம்.

ஆனால் வடிகால் தூர்ந்து கிடந்தால் தண்ணி எங்கே வடியும்? உமரி போட்ட வயலை அடங்கலில் "தரிசு" என்று எழுதிவிட்டால் நிவாரணம் எப்படிக் கேட்பது? விளைநிலத்தை இறால் குளமாக்கக் கூடாது என்று 1996 டிசம்பர் 11ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பதிவு இல்லாமல் பண்ணை நடத்தக் கூடாது என்று 2005ல் சட்டமும் வந்தது. அதைக் கேட்க நாம்தான் போகணும்.

அரசே!

* வடிகால்களைத் தூர் வாரு! கடல்முக மதகுகளைச் சரி செய்!
* உமரி வயலை அடங்கலில் சாகுபடி என்று பதிவு செய்!
* நிலம் தேறும்வரை ஏக்கருக்கு நிவாரணம் கொடு!
* பதிவில்லாத இறால் பண்ணைகளை மூடு!

குடும்பத்தோடு தாலுகா ஆபீசுக்கு வாருங்கள். உப்பை உமரி எடுக்கும். உரிமையை நாம்தான் எடுக்கணும்!