உங்கள் வாக்குமூலம் எந்தக் கணினியில் இருக்கிறது?

(புதிதாக வந்தவர்களுக்கான தகவல் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



புகலிடம் கேட்டு வந்திருக்கும் உங்களுக்கு இங்கே பெரிய சொத்து உங்கள் பத்திரங்கள்தான்: வாக்குமூலம், மொழிபெயர்ப்புகள், திணைக்களக் கடிதங்கள். அவற்றை எந்த மென்பொருளில் எழுதுவது, எங்கே வைப்பது என்று பலர் கேட்கிறீர்கள்.

வழி இரண்டு இருக்கிறது. ஒன்று, சொந்தக் கணினியில் நிறுவும் மென்பொருள். லிப்ரே ஒஃபிஸ் இலவசம். ஒருமுறை இறக்கிவிட்டால் பிறகு இணையம் தேவையில்லை. ஆனால் மடிக்கணினி களவு போனால் எல்லாம் போச்சு.

மற்றது, கோப்பை நிறுவனத்தின் சேர்வரில் வைத்து எழுதுவது. கூகுள் டொக்ஸுக்குக் காசில்லை. மைக்ரோசொஃப்ட் 365க்குச் சந்தா கட்ட வேணும். நிறுத்தினால் அந்த மென்பொருளில் கோப்பை வாசிக்கலாம், அச்சிடலாம், திருத்த ஏலாது. அடிக்கடி வீடு மாறுகிறவர்களுக்கு இது வசதி. நூலகக் கணினியிலும் திறக்கலாம். ஆனால் கணக்கை மீட்கும் இலக்கம் கைத்தொலைபேசிக்கு வரலாம். சிம்மை மாற்றினால் வெளியே நிற்க வேண்டி வரலாம். கணக்கைத் திறந்து தந்தவரிடம் கடவுச்சொல் இருந்தால், உங்கள் கதையும் அவர் கையில்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொன்று. பாமினி எழுத்துருவில் எழுதினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். யூனிகோட்டிலேயே எழுதுங்கள்.

2014 பெப்ரவரியில் நடந்ததையும் கேளுங்கள். குடிவரவுத் திணைக்களம் தன் இணையத்தளத்தில் ஓர் அறிக்கையைப் போட்டது. அந்த வேர்ட் கோப்புக்குள் எக்ஸெல் தரவும் சேர்ந்து போய்விட்டது. தடுப்பில் இருந்த 9,000க்கும் மேற்பட்டோரின் பெயர், பிறந்த திகதி, நாடு எல்லாம் வெளியே வந்தன. இதில் சேர்வரை மட்டும் குறை சொல்ல ஏலாது. கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை. உங்கள் வேர்ட் கோப்பிலும் பழைய திருத்தங்கள் ஒளிந்திருக்கலாம்.

என் விருப்பத்தைக் கேட்டால், சொந்தக் கணினி இருப்பவர்கள் நிறுவிய மென்பொருளில் எழுதுங்கள். ஒரு பிரதி யூ.எஸ்.பி.யில், ஒரு பிரதி உங்களுக்கு மட்டும் கடவுச்சொல் தெரிந்த இணையக் கணக்கில். கணினி இல்லாதவர்களுக்கு இணையக் கணக்கே போதும். நூலகத்தில் வேலை முடிந்ததும் இறக்கிய கோப்பை அழித்து, கணக்கை விட்டு வெளியேறுங்கள்.

சட்டத்தரணிக்குத் திருத்துவதற்கு வேர்ட் கோப்பு கொடுக்கலாம். திணைக்களத்துக்குக் கொடுத்ததை மட்டும் பி.டி.எஃப். ஆக்கி, திகதி போட்டு, தொடாமல் வையுங்கள். நேர்காணலிலும் பிறகு மேன்முறையீட்டிலும் முதலில் சொன்னதோடுதான் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அன்றைக்கு என்ன எழுதிக் கொடுத்தோம் என்று பார்க்க, அந்தப் பிரதி உங்கள் கையில் இருக்க வேணும்.

விளங்காததைக் கேளுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம்.