பட்டியலில் பெயர் இருந்தால் போதுமா?



தில்லியில் நம் அண்டை வீட்டு அம்மையார் ஒருவர், சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் மகனுக்குப் பழைய மடிக்கணினி ஒன்று வாங்கிக் கொடுத்தார். பையன் தமிழ் பேசுவான், படிக்க வராது. கும்பகோணத்துப் பாட்டி எழுதும் கடிதங்களைத் தாயார்தாம் படித்துக்காட்ட வேண்டும். வெளிமாநிலங்களில் குடியேறிய நம்மவர் இல்லங்களில் இது புதிய கதையன்று. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்களைக் கொண்டு தானே கற்றுக்கொள்வதாகப் பையன் வாக்களித்திருந்தான்.

கணினியில் அவனே லினக்ஸை நிறுவினான். 2021இல் வெளிவந்த டெபியன் 11 அது. யாவும் இயங்கின, வைஃபை மட்டும் இயங்கவில்லை. பழுது பார்ப்பவர், "கார்டு போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்று சொல்லிவிட்டார். அம்மையாரின் முகம் வாடிவிட்டது.

லினக்ஸின் உயிர்ப்பகுதி கெர்னல் எனப்படும். ஒவ்வொரு கருவியையும் ஆட்டுவிக்கும் நிரலுக்கு டிரைவர் என்று பெயர். எல்லா டிரைவர்களையும் கெர்னல் எந்நேரமும் சுமந்து திரிவதில்லை. வேண்டும்பொழுது மாட்யூல் என்னும் தனிக்கூறாக நினைவகத்தில் ஏற்றிக்கொள்கிறது. ஏறியிருப்பவற்றை 'எல்எஸ்மாட்' என்னும் கட்டளை வரிசைப்படுத்திக் காட்டும்.

"மாமா, ஐடபிள்யூஎல்வைஃபை என்ற பெயர் பட்டியலில் இருக்கிறது. டிரைவர் ஏறிவிட்டது என்றால், கார்டுதானே கெட்டிருக்க வேண்டும்?" என்றான் பையன்.

அவன் தருக்கம் பிழையன்று, சான்றுதான் போதவில்லை. வருகைப் பதிவேட்டில் கையொப்பமிட்டவரெல்லாம் நாற்காலியில் இருக்கிறார்கள் என்று எந்த அலுவலகத்தில் சொல்ல முடியும்? மாட்யூல் ஏறுவது ஒன்று; அது தன் கருவியைப் பற்றிக்கொள்வது மற்றொன்று. இவ்விரண்டாவதை 'எல்எஸ்பிசிஐ' என்னும் கட்டளையுடன் 'கே' என்ற குறியைச் சேர்த்துக் கேட்டால் அறியலாம். அதில் கார்டின் பெயர் வந்தது. ஆகவே கார்டு அடியோடு மாண்டுவிடவில்லை. அதற்குரிய மாட்யூல் எது என்ற வரியும் வந்தது. ஆனால் இப்போது அதனை ஆளும் டிரைவர் எது என்று சொல்லவேண்டிய வரியைக் காணோம்! டிரைவர் வந்தது, ஏதோ குறை கண்டது, கார்டைக் கைவிட்டது.

என்ன குறை? கெர்னல் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கும். 'டிமெஸ்ஜி' என்று கேட்டோம். இன்ன ஃபர்ம்வேர் கோப்பை ஏற்ற இயலவில்லை, பிழை எண் கழித்தல் 2 என்று இருந்தது. அந்த எண்ணுக்குப் பொருள், அப்படியொரு கோப்பே இல்லை என்பது. ஃபர்ம்வேர் என்பது கார்டின் உள்ளேயே ஓடவேண்டிய சிறு நிரல். டிரைவர் அதனை வட்டிலிருந்து எடுத்து ஊட்டவேண்டும். தடையற்ற உரிமம் இல்லாத இத்தகைய கோப்புகளை டெபியன் தன் வழக்கமான நிறுவல் வட்டில் சேர்ப்பதில்லை என்றிருந்தது. 2023இல் வந்த 12ஆம் பதிப்பிலிருந்துதான் சேர்க்கிறது.

பெயர் இல்லையென்றாலும் உடனே அஞ்ச வேண்டியதில்லை. கெர்னலுக்குள்ளேயே பிணைத்துக் கட்டப்பட்ட டிரைவர்கள் எல்எஸ்மாட் பட்டியலில் வரவே மாட்டா. ஆயினும் அவை வேலை செய்துகொண்டிருக்கும். இதை அறியாமல் இரவெல்லாம் தேடியவர்களில் நாமும் உண்டு.

பின் நடந்தது சுருக்கம். வேண்டிய ஃபர்ம்வேர்த் தொகுப்பை நம் வீட்டில் இறக்கிப் பென்டிரைவில் கொண்டுபோய் நிறுவினோம். 'மாட்புரோப்' கட்டளையால் மாட்யூலை ஒருமுறை இறக்கி, மறுபடி ஏற்றினோம். காணாமற்போன வரி வந்துவிட்டது. எல்எஸ்மாட் பட்டியலிலும் ஒரு மாறுதல்: அப்பெயரெதிரே பூச்சியமாக இருந்த எண் ஒன்றாகி, ஐடபிள்யூஎல்டிவிஎம் என்னும் துணை மாட்யூலும் வந்து சேர்ந்திருந்தது. ஃபர்ம்வேர் கிடைத்த பின்னரே அத்துணை அழைக்கப்படும்.

அவ்வளவிலும் நாம் நிறைவடையவில்லை. வலையமைப்பில் இணைத்துப் பார்க்கச் சொன்னோம். இணைந்தது. கார்டு மாற்ற வைத்திருந்த பணத்தை அம்மையார் எடுத்து உள்ளே வைத்தார். பையன் உயிரெழுத்துப் பாடத்தைத் திறந்தான். பாட்டியின் கடைசிக் கடிதம் பக்கத்திலேயே கிடந்தது.