சம்பங்கி சாகுபடியில் கிழங்கே முதல்



சத்தியமங்கலத்திலும் நிலக்கோட்டையிலும் மூட்டை மூட்டையாக விற்பனையாகும் சம்பங்கிப் பூவை நம்மில் அறியாதவர் இலர். மெக்சிகோ நாட்டில் தோன்றிய இச்செடி இன்று நம் மாலைகளுக்கு இன்றியமையாததாகிவிட்டது. ஒருமுறை நட்டால் மூன்றாண்டுகள் வரை பலன் தரும். ஆகவே சிறு விவசாயிக்குப் பெருந்துணையாகும். இச்சாகுபடியில் நாம் முதலாவதாகக் கவனிக்க வேண்டியது உரமுமன்று, மருந்துமன்று, கிழங்கேயாகும்.

வரிசைக்கு வரிசை 45 செ.மீ., கிழங்குக்குக் கிழங்கு 20 செ.மீ. இடைவெளி விட்டு நட்டால், ஏக்கருக்குச் சுமார் 45,000 கிழங்குகள் வேண்டும். ஒவ்வொன்றும் 25 முதல் 30 கிராம் எனக் கொண்டால், மொத்த எடை ஒரு டன்னுக்கு மேலாகிறது. இவ்வளவையும் வெளியூரிலிருந்து வாங்கும்போது பணம் ஊரை விட்டுப் போகிறது. அத்துடன், கிழங்கிலும் அதில் ஒட்டிய மண்ணிலும் நூற்புழு ஊருக்குள் வந்துவிடக்கூடும். கண்ணுக்குப் புலப்படாத இப்புழு வேர்களில் முடிச்சுகளை உண்டாக்கும், இலை மஞ்சளிக்கும், பூங்கதிர் குன்றும். பின்னர்ப் பாசன நீராலும் மண்வெட்டியாலும் அடுத்த வயலுக்கும் பரவும். ஒருவர் வயலில் புகுந்த கேடு ஊரார் அனைவரையும் பாதிக்கிறது.

இதனைத் தடுக்கும் வழி யாது? நோயற்ற செழிப்பான வயலிலிருந்தே விதைக்கிழங்கு எடுத்தல் வேண்டும். தோண்டும்போது வேரைப் பாருங்கள். முடிச்சு தென்பட்டால் அவ்வயலின் கிழங்கு விதைக்கு ஆகாது. நல்ல கிழங்கை மண் நீக்கி, நிழலில் பரப்பி, சுமார் 30 நாள் ஓய்வு கொடுத்தபின் நடுதல் நலம். காயம் பட்டவற்றையும் அழுகியவற்றையும் கழித்துவிடுக. பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட பிரஜ்வல் முதலிய ஒற்றை ரகங்கள் மாலைக்குகந்தவை.

சம்பங்கி வெயிலை விரும்பும் பயிர். தென்னை நிழலில் இலை வளருமேயன்றிப் பூ குறையும். நீர் தேங்கினால் கிழங்கு அழுகும். ஆதலின், திறந்த வெளியில், வடிகாலுள்ள நிலத்தைத் தேர்ந்து, ஏக்கருக்கு 10 டன் தொழு உரமிட்டு, ஆனி, ஆடியில் நடலாம். மொட்டு விரியும் பருவத்தில் விடியற்காலையிலேயே பறித்தால் பூ வாடாமல் சந்தை சேரும்.

ஒருமுறை பூத்த கிழங்கு மறுமுறை பூப்பதில்லை. அதன் பக்கத்தில் கிளைக்கும் சேய்க்கிழங்குகளே அடுத்துப் பூக்கின்றன. மூன்றாண்டில் அவை நெருங்கிப் போவதால் பூ சிறுத்து, மகசூல் குறைகிறது. அப்போது தோண்டிப் பிரித்து வேறு நிலத்தில் நடுதல் வேண்டும். பழைய நிலத்தில் ஒரு பருவம் துலுக்கச் சாமந்தி பயிரிட்டு, வேப்பம் பிண்ணாக்கும் இட்டால் நூற்புழு குறையும்.

பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். நூற்புழுவற்ற நிலம் ஒன்றில், பத்து சென்ட் அளவிலேனும் ஊருக்கெனப் பொது விதைக்கிழங்குப் பாத்தி அமைக்க முயல வேண்டும். தோட்டக்கலை அலுவலரின் ஆலோசனையுடன் அதனைப் பேணி, ஆண்டுதோறும் உறவினும் கட்சியினும் பேதம் பாராது பங்கிட்டளித்தல் வேண்டும். வடிகால்களைத் தூர் வாருவதும் பஞ்சாயத்தின் கடமையே. கிழங்கு தூய்மையானால் ஊரின் பூவும் செழிக்கும். உழவரின் வருவாயும் ஊரிலேயே தங்கும்.